இரண்டு அட்டைகளுக்கு நடுவே முப்பத்தொரு பேர்

1957 ஜூலையில் ஒரு சனிக்கிழமை. செமாபோக்கில் லாரி ஓட்டும் தம்பிராஜாவின் மகள் போன மாதம் மலேரியாவில் போய்விட்டாள். துக்கம் கேட்டுவிட்டு காஜா பெராங்கிலுள்ள தன் வீட்டுக்குத் திரும்பிய சேதுபதிக்குச் சோறு இறங்கவில்லை. மருத்துவமனைப் பதிவறைக் குமாஸ்தாவாக அவரே தயாரித்த அரையாண்டு அட்டவணையில் செமாபோக் மலேரியாச் சாவு பூஜ்யம். திங்களன்று அது கோலாலம்பூருக்குப் போக வேண்டும். போனால், கொசுவுக்குச் சாக்கடையில் எண்ணெய் தெளிக்கும் ஆட்களை அங்கிருந்து எடுத்துவிடுவார்கள்.

எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

“சாப்பிடுங்க, இல்ல கையக் கழுவுங்க. நடுவுல நின்னா ஈதான் சாப்பிடும்” என்றாள் மனைவி சாரதாம்பாள்.

கையைக் கழுவிவிட்டுச் சைக்கிளில் பதிவறைக்குப் போனார்.

அங்கே ஒவ்வொரு நோய்ப் பெயருக்கும் ஓர் அட்டை; ஆனால் ஒரு நோய்க்கு எத்தனை பெயர் இருந்தாலும் சாவை ஓர் அட்டையில்தான் எண்ண வேண்டும். மலேரியா அட்டையில், மண்ணீரல் வீங்கியிருந்தால் மண்ணீரல் அட்டையைப் பார்க்கும்படி குறிப்பு இருந்தது. மண்ணீரல் அட்டையில், காரணம் மலேரியா என்றால் மலேரியா அட்டையைப் பார்க்கும்படி குறிப்பு. ஒன்று மற்றதைக் கை காட்ட, இரண்டிலும் யாரையும் எண்ணவில்லை. அந்த ஆறு மாதத்து இறப்புச் சீட்டுகளைக் கட்டுக் கட்டாகப் பிரித்தார். செமாபோக்கில் எண்ணாமல் விடுபட்டவர்கள் முப்பத்தொரு பேர். தம்பிராஜாவின் மகள் கடைசி.

மண்ணீரல் அட்டையிலிருந்த குறிப்பு சேதுபதியின் கையெழுத்து. 1953 மார்ச்.

ஞாயிறு காலையே தலைமைக் குமாஸ்தா அப்துல் அஜீஸின் வீட்டில் நின்றார். அஜீஸ் அந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி சேதுபதிக்கு என்று பேச்சு. கேட்டு முடித்த அஜீஸ் தாடையைத் தடவினார்.

“கணக்கத் திருத்தி அனுப்பு சேது. யார் எழுதுனதுன்னு தெரியலன்னு போட்டுடு லா. முன்னால இருந்தவன் ஊருக்கே போயிட்டான்.”

“எந்த வருஷத்துலேர்ந்து தப்புன்னு கேப்பாங்களே, பாய்?”

“தெரியாதுன்னு சொல்லு.”

“தேதி இல்லாட்டி இந்தக் கணக்கயும் நம்ப மாட்டாங்க. தேதியச் சொன்னா ஆளு நாந்தான்.”

திங்களன்று திருத்திய அட்டவணையோடு ஒரு தாளும் போயிற்று: தவறு 1953 மார்ச் முதல், குறிப்பை எழுதியவர் சேதுபதி.

இரண்டு வாரம் பதில் இல்லை. தபால்காரர் மணியடித்தபோதெல்லாம் வாசலுக்குப் போய் வந்தார். ஆகஸ்டில் நாற்காலி வேறொருவருக்குப் போனது. செமாபோக்கில் எண்ணெய் தெளிப்பவர்களை நிறுத்தவில்லை.

அதற்குள் சேதுபதி மற்ற அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்க்கத் தொடங்கியிருந்தார். மொத்தம் நாலாயிரம் இருந்தன.