நாச்சிமுத்து வீட்டுத் தூக்குப்போசி

மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் வேலையில் மாட்டிடம் உதை வாங்கினால் மூன்று நாளில் ஆறிவிடும். மாட்டுக்காரர்களுக்கு நடுவில் அகப்பட்டால் ஆறவே ஆறாது. எழுபதுகளில் வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில், வாய்க்காலுக்கு மேற்கே ஓர் ஊர், கிழக்கே ஓர் ஊர், இரண்டுக்கும் நான் ஒருவன். வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் விடும் தகராறில் இரண்டு ஊருக்கும் அப்பன் காலத்திலிருந்தே பேச்சு கிடையாது. ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். பகையாளிகள் இருவருக்கும் வேண்டியவராக இருந்து அவதிப்பட்டவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

ஊசி

மேற்குக்கரை நாச்சிமுத்துவின் காளைக்கு ஊசி போட்டு முடித்தேன். அடுத்து நின்றது கிழக்குக்கரைச் சின்னச்சாமியின் எருமை. அதே ஊசியா என்று அவர் முறைத்தார். காய்ச்சித்தான் போடுவோம் என்று சொல்லி, அவர் கண்ணெதிரே அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டேன். குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "காச்சுனது சரிங்க. தண்ணி எந்தக் கரைக் கெணத்துதுங்க?"

கயிறு

ஒருநாள் நாச்சிமுத்துவின் பசு கன்று போட முடியாமல் கிடந்தது. அதன் பாலை விற்றுத்தான் அவர் வீட்டில் அடுப்பெரிந்தது. கன்றின் முன்னங்கால் உள்ளே மடங்கியிருந்தது. கையை விட்டு நிமிர்த்திக் கயிறு கட்டிவிட்டேன். நான் கன்றைப் பிடித்துக்கொள்ள, நாச்சிமுத்துவோடு சேர்ந்து இழுக்க இன்னொரு ஆள் வேண்டும். அவர் ஊர் ஆண்கள் எல்லோரும் சந்தைக்குப் போயிருந்தார்கள். அக்கரையில் சின்னச்சாமி மட்டும் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

கூப்பிட மாட்டேன் என்று நாச்சிமுத்து நின்றார். வந்த கோபத்தில் நானே கத்திக் கூப்பிட்டேன். சின்னச்சாமி மண்வெட்டியைப் போட்டுவிட்டு வாய்க்காலைத் தாண்டி ஓடி வந்தார். ஒரே கயிற்றை இருவரும் முகம் பார்க்காமல் இழுத்தார்கள். பெண்கன்று வந்து விழுந்தது. சின்னச்சாமிதான் அதன் மூக்கைத் துடைத்து மூச்சு வரவைத்தார். அவருக்குப் பக்கத்திலேயே நின்ற நாச்சிமுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "ஏனுங்க கம்பவுண்டரே, வந்தவருகிட்டச் சொல்லிப்போடுங்க, கெடாரிக்கன்னுன்னு."

சீம்பால்

மறுநாள் சீம்பாலைத் தூக்குப்போசியில், அதுதான் தூக்குவாளியில் ஊற்றி, அக்கரையில் கொடுக்கும் வேலையை என் தலையில் கட்டினார் நாச்சிமுத்து. சின்னச்சாமி பாலை மட்டும் தன் வீட்டுச் சட்டியில் ஊற்றிக்கொண்டு சொன்னார்: "மாடு குடுத்த பாலுங்க, வாங்கிக்கறேன். போசி அவனுது, எம்பட ஊட்டுல இருக்கக் கூடாது."

அவரைக்காய்

வெறும் போசியைத் திருப்பி அனுப்பச் சின்னச்சாமியின் மனைவிக்கு மனம் வரவில்லை. ஒரு பிடி அவரைக்காய் போட்டுக் கொடுத்தார். அவன் வீட்டு அவரைக்காயைச் சும்மா தின்பதா என்று நாச்சிமுத்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது. போசியில் தயிர் போயிற்று. தயிர் போன போசி வெறுமனே வரலாமா? கத்தரிக்காயோடு வந்தது. இப்படியே இரண்டு வருஷம் சைக்கிளில் மாட்டிக்கொண்டு அலைந்தேன். எனக்கு மாற்றல் உத்தரவு வந்த அன்று நாச்சிமுத்து கலங்கிப்போய்க் கேட்டார்: "நீங்க போயிட்டா போசிய ஆருங்க கொண்டுபோவாங்க?"

மதகு

மூன்று மாதம் கழித்து, விட்டுப்போன பெட்டியை எடுக்க வந்தேன். வாய்க்கால் மதகின் மேல் அந்தப் போசி மூடியோடு உட்கார்ந்திருந்தது. சின்னச்சாமி வந்து அதை எடுத்தார். சமாதானம் ஆகிவிட்டதா என்று ஆசையாகக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நீங்க போன மறுநாள்ல இருந்து அவன் வெச்சுட்டுப் போவான், நான் எடுத்துட்டுப் போவேன். பேச்செல்லாம் கெடையாதுங்க."

என் இடத்துக்குச் சர்க்கார் அதுவரை ஆள் போடவில்லை; இவர்களோ நான் போன மறுநாளே மதகைப் போட்டுவிட்டார்கள்.