முள் ஐம்பதைத் தொட்டபோது

அத்தை மாமாவை மறுபடி வண்டி ஓட்ட விட்டதே ஒரு நிபந்தனையின் பேரில்தான். வேகம் காட்டும் முள் நாற்பதைத் தாண்டக் கூடாது. முந்தின வருஷம் மாமா ஸ்கூட்டரில் பறந்துபோய் அடையாறு பாலத்துக்குப் பக்கத்தில் விழுந்து, மழைக்காலம் முழுக்க மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். ஆஸ்பத்திரியில் அவர் கண் திறக்கும்வரை அத்தை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று அம்மா சொல்லுவாள். அவர் கண் திறந்ததும் திட்ட ஆரம்பித்தவள், எனக்குத் தெரிந்து நிறுத்தவே இல்லை.

மயிலாப்பூரில் அவர்களுக்குக் கல்யாணப் பாத்திரங்களை வாடகைக்கு விடும் தொழில். அண்டாவும் குண்டானும் ஏற்றிப்போக ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. மழை வந்தால் தெருவெல்லாம் குளமாகிவிடும் என்று மாமா அதற்குப் பெரிய டயர்களாக மாட்டினார். எனக்குச் சொல்ல முடியாத பெருமை. ஐந்தாம் வகுப்பில் வேறு யார் வீட்டிலும் அவ்வளவு உயரமான வண்டி இல்லை.

பெரிய டயரில் இன்னொரு சௌகரியமும் இருந்தது. அதை மாமா என் சைக்கிளையும் தம்பியின் மூன்று சக்கர வண்டியையும் பக்கத்தில் நிறுத்தி விளக்கினார். ஒரே ஒரு சுற்று சுற்றினால் சின்னச் சக்கரம் கொஞ்ச தூரம்தான் போகும், பெரியது அதைவிட அதிக தூரம் போகும்.

"மீட்டர் சுத்தறதைத்தான் எண்ணும். ரோட்டையா எண்ணுது?" என்று கண்ணடித்தார்.

ஆக, முள் நாற்பதில் பவ்யமாக நிற்க, வண்டி அதற்கு மேலே போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டு வந்த அத்தைக்குத் திருப்தி.

பெரிய டயரின் சாயம் வெளுத்தது ஒரு முகூர்த்த நாளில். தி. நகர் சுரங்கப்பாதையில் முழுப் பாரத்தோடு இறங்கிய வண்டி, மறுபக்கம் ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டது. சக்கரம் பெரிதானால் அதைச் சுழற்றத் தெம்பும் அதிகம் வேண்டுமாம். வழியில் போனவர்கள் தள்ளி ஏற்றினார்கள். அண்டா வராமல் சாம்பார் தாமதமாகி, பெண்ணைப் பெற்றவரிடம் அத்தை வாங்கிக் கட்டிக்கொண்டாள். பழைய டயரையே மாட்டினால் என்ன என்றாள். மழைக்கு என்ன பதில் என்றார் மாமா. அத்தை அவரையும் என்னையும் இழுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் கிளம்பினாள்.

ஆழ்வார்பேட்டைச் சந்தில் இருந்த மெக்கானிக், வெளியே டயரை மாற்றினால் உள்ளே பல்லையும் மாற்ற வேண்டும் என்றார். பின் அச்சுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமும் சின்னப் பல்சக்கரமும் ஒரு ஜோடி. புதுப்பேட்டையிலிருந்து இரண்டு ஜோடிகளை வாங்கிவந்து சாக்கின் மேல் வைத்திருந்தார். முதல் ஜோடி அந்த டயருக்குச் சரியானது. பழைய இழுவையும் வரும், முள்ளும் உண்மை பேசும். மாமா அதையே போடச் சொல்லிவிட்டு டீ வாங்கப் போனார். அவர் தலை மறைந்ததும் அத்தை மற்றதைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டாள்.

"அது இழுவைக்கு யக்கா. எவ்ளோ லோடு கீதுன்னாலும் மேடு ஏறும். ஆனா ஓடாது. முள்ளு அம்பது காட்டும், வண்டி நாப்பதுலதான் போய்க்கினு இருக்கும்."

அத்தை அந்த ஜோடியை மெக்கானிக் பக்கம் நகர்த்தினாள். "அதையே போட்டுடுங்க. அவருகிட்ட சொல்ல வேணாம்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் வாய் எப்படிப்பட்டது என்று குடும்பத்துக்கே தெரியும்.

மாமா தூக்கில் டீயோடு வந்தபோது மெக்கானிக் அந்த இரண்டாவது ஜோடியை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். மாமா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, டீ ஆறுகிறது என்றாள் அத்தை. ஊற்றிக் குடித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் கடற்கரைக்குக் கிளம்பினோம். திருவான்மியூர் தாண்டியதும் அத்தை, பல் எல்லாம் புதுசாயிற்றே, ஐம்பது வரைக்கும் போகலாம் என்று பெரிய மனசு பண்ணினாள். இஞ்சின் ஊரைக் கூட்டியது. "பாத்தியா, அம்பது!" என்றார் மாமா. அப்போது என் வகுப்புப் பையன் ஒருவன், தன் அப்பாவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, எங்களைத் தாண்டிப் போனான். போகும்போது நிதானமாக டாட்டா வேறு காட்டினான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடற்கரையில் அத்தை அலையில் கால் நனைக்கப் போனதும் எல்லாவற்றையும் மாமாவிடம் கொட்டிவிட்டேன். அவர் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். மாமா சுண்டல் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"தெரியும்மா. எனக்குத் தெரியும்னு அத்தைகிட்ட சொல்லிடாதே."

இவ்வளவு பெரிய ஆள் பெண்டாட்டிக்கு இப்படிப் பயப்படுகிறாரே என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

திரும்பும்போது அவர் மறுபடியும் "அம்பது!" என்றார். அத்தை முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, "போதும், இவ்ளோ வேகம் வேணாங்க" என்றாள். நடுவில் நான். எல்லாம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு, இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அந்த வண்டியில் ஒன்றும் தெரியாதவள் நான் ஒருத்திதான் என்பது புரிய, எனக்கே ஒரு கல்யாணம் ஆகி, வருஷங்கள் போக வேண்டியிருந்தது.