காக்கா தூக்கிட்டுப் போன ரெண்டு பெட்டி

கம்பெனிக்கு எதிர்த்த பிரவுசிங் சென்டர்ல உக்காந்து இதை அடிக்கிறேன்.

போன மாசம் எங்க இறால் கம்பெனியில கம்ப்யூட்டரை எல்லாம் எடுத்துட்டு, டிபன் டப்பா சைசுல ரெண்டு பெட்டி வச்சாங்க. வேலையெல்லாம் சென்னை சர்வர்ல நடக்கும், இங்கன திரையில தெரியிறது வெறும் படம்தான், பெட்டிக்குள்ள எதுவும் பதியாது.

இன்னைக்குக் காலையில நெட் லைன் போச்சு. வாசல்ல தூத்துக்குடி போற இறால் லாரி நிக்குது. பேக்கிங் லிஸ்ட் இல்லாம அங்க சரக்கை இறக்க விடமாட்டாங்க.

மானேஜர் கீழக்கரைக்காரர். அந்த ஊர்ல அண்ணனைக் காக்கான்னுதான் கூப்பிடுவாங்க, அதனால எங்களுக்கெல்லாம் அவரு காக்கா.

"லிஸ்ட்டை எங்கலே வச்ச?"

"டெஸ்க்டாப்லதான் காக்கா."

வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும்.

டீ குடிச்சுட்டு வாரதுக்குள்ள ரெண்டு பெட்டியையும் பையில போட்டு ராமநாதபுரம் பஸ் ஏறிட்டாரு. கம்ப்யூட்டர் கடையில குடுத்து உள்ள இருக்கிற லிஸ்ட்டை எடுக்கணுமாம். ஒண்ணுல இல்லாட்டி இன்னொண்ணுல இருக்குமாம்.

இப்பதான் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுல இருந்து காக்கா போன் பண்ணுனாரு.

"ஏலே, ரெண்டையும் பிரிச்சுப் பாத்தாச்சு. உள்ள ஒண்ணுமே இல்லைங்கிறான் கடைக்காரன். யா அல்லா, எல்லாத்தையும் அழிச்சுட்டியாலே?"

அவரு பஸ் ஏறுன கொஞ்ச நேரத்துலயே நெட் லைன் வந்துருச்சு. லிஸ்ட் சென்னையில பத்திரமா இருக்கு. அந்தப் பெட்டி இல்லாம அதைத் திறக்க முடியாது, இந்த சென்டர் கம்ப்யூட்டர்லயும் வராது. சர்வர் பாக்குற ஆளு போனை எடுக்கல. லாரிக்கு அடியில ஐஸ் தண்ணி ஓடுது.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் யாராச்சும் இருந்தா, பையும் கையுமா நிக்கிற காக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் எதையும் அழிக்கல. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு.