பதினான்காம் எண் சாவி

ஆடிட்டர்களின் சங்கமான கணக்காயர் கழகத்தின் வாசலைத் தாண்டியதும் இடப்பக்கம் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்குள்தான் முப்பத்தொரு வருடமாக அவள் உட்கார்ந்திருந்தாள். முன்னால் டெலிபோன் போர்டு, முதுகுக்குப் பின்னால் சாவிப் பலகை, இழுப்பறைக்குள் சாவிப் பதிவேடு. தலைவர் முதல் தண்ணீர் கேன் போடுகிறவர் வரை யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் ஹலோம்மா.

ஹலோம்மாவுக்கு இரண்டு பெருமை இருந்தது. எந்தச் சாவியை யார் எடுத்தார், எத்தனை மணிக்கு, எதற்கு, எப்போது திருப்பிக் கொடுத்தார் என்பதில் முப்பத்தொரு வருடத்தில் ஒரு வரி விட்டுப்போனதில்லை. அடுத்தது, அவள் பொய் சொன்னதில்லை. "சார் மீட்டிங்ல இருக்கார்" என்று நாளுக்கு நாற்பது தடவை சொல்வதை அவள் பொய்யில் சேர்ப்பதில்லை. அது உத்தியோகம்.

வீட்டில் கணவர் மட்டும். பஸ் ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி. கழகம் தன் ஊழியர்களுக்குக் கொடுத்திருக்கும் மருத்துவ அட்டையை நீட்டினால் உள்ளே விடுவார்கள். அட்டை இல்லாமல் அந்த ஆஸ்பத்திரி வாசற்படியை மிதிக்கும் வசதி அவர்களுக்குக் கிடையாது. அவள் ஓய்வுபெற இன்னும் ஒன்பது மாதம். ஓய்வுபெற்றுவிட்டால் அட்டை ஆயுசுக்கும் உண்டு. அதற்கு முன்னால் வேலை போனால், அதோடு அட்டையும் போகும். போன மாதம்தான் அவருடைய வலது கட்டைவிரல் லேசாக அசைந்தது. அவள் அதைச் சொல்லிச் சொல்லி அலுவலகத்தில் எல்லோர் காதையும் புளிக்க வைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கோ வெளிநாட்டில் ஒரு பெரிய கம்பெனி ஒரே வாரத்தில் சரிந்தது. அதன் கணக்குப் புத்தகங்களைப் பார்த்து எல்லாம் ஒழுங்கு என்று கையெழுத்துப் போட்டவர் இந்தக் கழகத்தின் உறுப்பினர். அவர்மேல் மூன்று வருடத்துக்கு முன்பே புகார் வந்து, ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் அறையில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த நாட்டுப் பத்திரிகையிலிருந்து ஒரு நிருபர் பெண் கூப்பிட ஆரம்பித்தாள்.

கழகத் தலைவருக்கு வெளிநாட்டுப் பத்திரிகை என்றால் உயிர். ஏதோ ஒரு மாநாட்டில் அவர் பேசியதைத் தூரதேசத்துச் சஞ்சிகை ஒன்று இரண்டு வரி போட்டதற்கு, அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியவர். அவரே இப்போது மீட்டிங்குக்குள் பதுங்கிக்கொண்டார். செயலாளரும் அப்படியே. நான்கு நாளில் அந்தப் பெண் பதினோரு தடவை கூப்பிட்டாள். பதினோரு தடவையும் ஹலோம்மா உத்தியோகத்தைப் பார்த்தாள்.

பன்னிரண்டாவது தடவை அந்தக் குரல் கம்மிப் போயிருந்தது. யாருக்கும் இணைக்க வேண்டாம் அம்மா, அந்தக் குழு அடுத்து எப்போது கூடும் என்று மட்டும் சொன்னால் போதும் என்று கேட்டாள். தேதி ஹலோம்மாவுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லி வைத்திருக்கலாம். ஆனால் நாலு நாளாகத் தொண்டை கட்டக் கேட்கிறவளை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. தனக்குத் தெரிந்ததைத் தன் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த அறை மூன்றாம் மாடியில் இருக்கிறது, சாவி எண் பதினான்கு, மூன்று வருடமாக அதை யாரும் எடுக்கவில்லை. நிச்சயமாகவா என்றாள் அந்தப் பெண். ஹலோம்மா நாற்காலியைத் திருப்பி, சாவியைத் தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டிய தூசியையும் சேர்த்துச் சொன்னாள்.

மறுநாள் காலை அது தலைப்பாகிவிட்டது. 'தூசி படிந்த சாவி.' சொன்னவர், கழகத்தின் பேச்சாளர் ஒருவர். சாயங்காலத்துக்குள் ஏழு நாட்டுப் பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டன. ஒன்றில் அவள் மூத்த அதிகாரி. இன்னொன்றில் மனசாட்சி உறுத்தி உண்மையைப் போட்டு உடைத்தவர். டைப்பிஸ்ட் பெண் தன் போனில் ஒவ்வொன்றாகத் தேடிப் படித்துக் காட்டினாள்.

"ஹலோம்மா, இந்தப் பேப்பர்ல நீங்க ஆம்பளை. கோபத்தோடு சொன்னீங்கன்னு 'ஹி' போட்டு எழுதியிருக்கான்."

ஹலோம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் கணவர் பாதி வாயால் சிரித்தார். "உன் பேரு போடலையே? அப்புறம் ஏன் பயப்படற? பேச்சாளரைத் தேடட்டும்."

தேட வேண்டியிருக்கவில்லை. கழகத்தில் டெலிபோன் போர்டு ஒன்றுதான்.

மூன்றாம் நாள் செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார். உலகமே வேடிக்கை பார்க்கிறது, ஒழுங்கு நடவடிக்கைக் குழு உடனே கூடியாக வேண்டும் என்றார். ஹலோம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அந்த உறுப்பினர் விஷயமா சார் என்று கேட்டாள்.

"அவருக்கு நோட்டீஸ் அனுப்பணும், அவர் வக்கீல் வைப்பார், நாளாகும்," என்றார் செயலாளர். "உனக்குன்னா இங்கயே கையில குடுத்துடலாம்."

கையிலேயே கொடுத்தார்.

விசாரணை அன்று பதினான்காம் எண் சாவியை அவளே எடுத்து, பதிவேட்டில் அவளே எழுதி, மூன்றாம் மாடிக்கு அவளே ஏறினாள். பூட்டு துருப்பிடித்து அடம் பிடித்தது. உள்ளே சுவரில் மூன்று வருடத்துக்கு முந்தைய காலண்டர். மேஜைமேல் காய்ந்துபோன ஒரு பல்லி. வரப்போகிறவர்களுக்காக ஐந்து நாற்காலியைத் துடைத்தாள். ஆறாவதைத் துடைக்க நேரம் இருக்கவில்லை. அதில்தான் அவள் உட்கார வேண்டியிருந்தது.

ஐந்து ஆடிட்டர்கள். நடுவில் தலைவர், அவர் பக்கத்தில் செயலாளர். சாவியை யாரும் எடுக்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். பதிவேடுகளை எடுத்து வைத்தாள். அவ்வளவுதான், தொழில் புத்தி வந்துவிட்டது. பச்சைப் பேனாவைத் திறந்து பக்கம் பக்கமாக டிக் அடித்தார்கள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. கோடியில் உட்கார்ந்திருந்த வயதானவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ரொம்ப நல்லா வெச்சிருக்கம்மா" என்றார். அவளுக்குக் கண் கலங்கியது. தப்பித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

கடைசி வரியில் பேனா நின்றது. அன்று காலை அவள் எழுதிய வரி. 'எதற்கு' என்ற கட்டம் காலியாக இருந்தது.

"இது ஏன் காலியா இருக்கு?"

"என்ன எழுதறதுன்னு தெரியல சார்."

"விசாரணைன்னு எழுதணும்."

எழுதினாள். அதற்கும் ஒரு டிக் விழுந்தது. கீழே ஐவரும் கையெழுத்திட்டார்கள்: சரிபார்க்கப்பட்டது, பிழையில்லை.

பிறகு தீர்ப்பைப் படித்தார்கள். பதிவேடு சரி. அவள் சொன்னதும் உண்மை. கழகத்தின் உள்விவகாரத்தை வெளியாளிடம் சொன்னது ஒழுங்கீனம். ஆகவே இந்த மாதக் கடைசியோடு பணிநீக்கம்.

அவள் எழுந்து நின்றாள். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்ததில் உள்ளங்கையெல்லாம் தூசி.

"சார், வேலை போனாப் போகட்டும். அட்டையை மட்டும் விட்டுருங்க சார். அவருக்கு விரல் இப்பத்தான் அசையுது."

தலைவர் ஃபைலை மூடினார். வயதானவர் ஜன்னலைப் பார்த்தார். செயலாளர்தான் பதில் சொன்னார்: "அது வேற கமிட்டி, ஹலோம்மா. மனு எழுதிக் குடு. மாசக் கடைசி வரைக்கும் யார்கிட்டயும் வாய் திறக்காம இரு, பாப்போம்."

அந்தப் 'பாப்போம்' என்ற சொல்லை முந்தானையில் முடிந்துகொண்டவள் போல அவள் மிச்ச நாட்களைத் தள்ளினாள். கடைசி நாளுக்கு முந்தின நாள் அந்த நிருபர் பெண் மறுபடி கூப்பிட்டாள். குரல் தெளிந்திருந்தது. குழு கூடி ஒருவரை நீக்கியதாகக் கழகம் அறிக்கை விட்டிருக்கிறதே, யாரை என்று கேட்டாள். ஹலோம்மாவின் நுனி நாக்கில் ஒரே ஒரு வார்த்தை நின்றது. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகியிருந்த அட்டையைப் பார்த்தாள். மென்று விழுங்கினாள்.

"சார் மீட்டிங்ல இருக்கார், மேடம்."

முதல் முறையாக அது அவளுக்குப் பொய் மாதிரி இருந்தது.

நான்கு வரிச் செய்தி வந்தது. மூன்று ஆண்டு மௌனத்துக்குப் பின் கழகம் விழித்துக்கொண்டது, ஒருவர் நீக்கம். படித்தவர்கள் அந்த ஆடிட்டர்தான் போயிருப்பார் என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். தலைவர் அதையும் சட்டம் போடச் சொன்னார். கடைசி நாள் மாலை அவள் வெளியே வரும்போது, பழைய சட்டத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். பதினான்காம் எண் சாவி பலகைக்குத் திரும்பியிருந்தது. மூன்றாம் மாடியில் அந்த ஆடிட்டர்மேல் வந்த புகார் ஃபைல் இருந்த இடத்திலேயே இருந்தது.

மனுவுக்குப் பதில் வரவில்லை. திங்கட்கிழமை கணவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். அட்டை செல்லாது என்று கம்ப்யூட்டரில் வருவதாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். பெரிய டாக்டரிடம் இரண்டு நிமிஷம் பேச வேண்டும், சலுகை ஏதாவது உண்டா என்று கேட்க வேண்டும் என்றாள். மறுமுனையில் சின்னப் பெண்ணின் குரல். லைனில் இருக்கச் சொன்னது. ஏதோ இசை ஓடியது. எவ்வளவு நேரம் ஓட விட்டால் மனிதர்கள் தாமாகவே வைத்துவிடுவார்கள் என்பது ஹலோம்மாவுக்கு அத்துப்படி. வைக்காமல் காத்திருந்தாள்.

"டாக்டர் மீட்டிங்ல இருக்கார்மா."

"சரிம்மா," என்றாள் ஹலோம்மா. அந்தப் பெண்ணின்மேல் கோபப்பட அவளால் முடியவில்லை. சத்தம் வராமல் ரிசீவரை வைத்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்றார் கணவர். அவர் மடியில் வலது கை கிடந்தது. அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அது அசையவில்லை.