ஆலப்பாக்கம் வரைக்கும்

2008-இல் சிதம்பரத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை எனக்கு. தலையில் அடிபட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், "உள்ள ஏதாவது ஆகியிருக்கான்னு ரத்தத்துல பாத்துச் சொல்லுங்க சார்" என்பார்கள். "சர்க்கரை தெரியும், டைபாய்டு தெரியும். அது தெரியாது, டாக்டர்கிட்ட போங்க" என்று எரிந்து விழுவேன்.

அந்த வருஷம் கோடை லீவில் என் ஏழு வயது மகள் சைக்கிள் கேரியரிலிருந்து விழுந்தாள். பின்மண்டையில் சின்ன வீக்கம். ரத்தம் வரவில்லையே என்று அக்கம்பக்கத்தில் ஆறுதல் சொன்னார்கள். லேசான அடிதான், வாந்தி எடுத்தால் ஸ்கேன் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். மத்தியானம் வாந்தி எடுத்தாள். ஸ்கேன் எடுக்க ஆட்டோ பிடித்துக் கடலூருக்குக் கிளம்பினோம்.

தலையில் அடிபட்ட பிள்ளையைத் தூங்கவிடக் கூடாது என்பார்கள் எங்கள் பக்கத்தில். வழியெல்லாம் என் மனைவி அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். நான் முகத்தில் தண்ணீர் தெளித்து, மூணாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். "கொஞ்ச நேரம் தூங்குறம்பா" என்று கெஞ்சினாள். ஆலப்பாக்கம் தாண்டியதும் கெஞ்சுவது நின்றுபோனது. கடலூரில் ஸ்கேனே தேவையில்லாமல் போய்விட்டது.

மூளையில் அடிபட்டால் ரத்தத்தில் கசியும் புரதத்தை வைத்து, உள்ளே ஏதாவது ஆகியிருக்கிறதா என்று இப்போது பிள்ளைகளுக்குப் பார்த்துச் சொல்லிவிடலாமாம். பேப்பரில் போட்டிருந்தான். சொல்லட்டும், நல்லதுதான். என் மகள் கடைசியாக என்னிடம் கேட்டது கொஞ்சம் தூக்கம். அதையும் நான் கொடுக்கவில்லை.