இஞ்சி மேல் போட்ட பழி

எழுபதுகளில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மரவள்ளி நடச் சொல்லி எங்கள் விவசாயத் திணைக்களம் ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியது. எப்படி நடுவது என்று அதில் படம் போட்டிருந்தார்கள். மழை பொய்த்தால் அந்தக் கிழங்கு என்ன ஆகும் என்று போடவில்லை. இடம் போதவில்லையாம். நான் அப்போது விவசாயப் போதனாசிரியர்.

மழை பொய்த்தது. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், மரவள்ளி தின்ற சிறுமி வாந்தியெடுத்து, மூச்சுத் திணறி இறந்துபோனாள். அன்று தாய் இஞ்சி தட்டிப் போட்டுப் பாலில்லாத பிளேன்டித் தேநீர் கொடுத்திருந்தாள். இந்த நாட்டில் அது போதும். மரவள்ளியும் இஞ்சியும் சேர்ந்தால் விஷம் என்று பள்ளிக்கூடம் போனவனும் சொல்வான், போகாதவனும் சொல்வான்.

தோட்டத்து ஆபீசில் நடந்த மரண விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். சொன்னேன். தண்ணீர் கிடைக்காத செடி வளர்வதை நிறுத்திக்கொள்ளும். ஆனால் விஷமாக மாறக்கூடிய கசப்பை உண்டாக்குவதை நிறுத்தாது. வளராத கிழங்கில் அது செறிந்து நிற்கும். சிறிதாக நறுக்கி, ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பெரும்பகுதி போய்விடும். லயத்துத் தண்ணீர்ப் பீலியில் குடிக்கவே சொட்டுச் சொட்டாகத்தான் வந்துகொண்டிருந்தது. தாய் ஒரு கோப்பைத் தண்ணீரில் மூடி வைத்து அவித்திருந்தாள். செடிக்கு இல்லாத தண்ணீர் சட்டிக்கு எங்கிருந்து வரும்?

"கசக்குதுன்னு புள்ள சொல்லிச்சுங்க. நாந்தான் சம்பல தொட்டுக்கிட்டுத் தின்னுடின்னேன்" என்றாள் தாய்.

"அதெல்லாம் கேக்கல. இஞ்சி போட்டியா, இல்லியா?" என்றார் விசாரணை அதிகாரி.

"போட்டேங்க."

"அப்ப முடிஞ்சுது."

"ஐயா, இஞ்சிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றேன்.

"நீங்க நடச் சொன்ன கெழங்குதானே? ஒங்க இலாகாவுக்கு இஞ்சிதான் நல்லது. பேசாம இருங்க."

என் வாக்குமூலத்தை எழுதி, எனக்கு வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். அவர் பேனாவை மூடிவிட்டார். முறையை மீறியவர் அவர். ஆனால் தீர்ப்பில் கவனக்குறைவு தாயுடையது என்றாகிவிட்டது.

லயத்து வழியாக இறங்கும்போது தாயின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் புகை. அதே பாத்தியில் பிடுங்கிய கிழங்கு அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. தட்டோடு பிள்ளைகள் காத்திருந்தன. இறக்கு, இறக்கு என்று கத்தினேன்.

"பயப்படாதீங்க ஐயா, இஞ்சி போடலீங்க" என்று அந்த வீட்டுக்காரி சிரித்தாள்.

தீர்ப்பு அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

எனக்குப் பின்னால் வந்த தாய் உள்ளே போய்ச் சட்டியை அடுப்பிலிருந்து தள்ளிவிட்டாள்.

"அடிப்பாவி, ஒம்புள்ளய முழுங்குனது பத்தலியா? எம்புள்ளைங்கள பட்டினி போடவா வந்த?" என்று மற்றவள் அவள் தலைமயிரைப் பிடித்தாள்.

நான் பிரித்துவிடப் போராடினேன். தாய் தன் தலையை விடுவித்துக்கொள்ளவே முயலவில்லை. ஒரு துண்டும் பிள்ளைகள் கைக்குப் போகாதபடி, கிழங்குகளைக் காலால் மிதித்துக் கூழாக்கிக்கொண்டிருந்தாள்.