நீலக் கரடிக் குல்லா

எல்லாரும் நல்லா இருக்கீங்களா? சாப்டாச்சா?

நண்பன் குமாருக்கும் அவன் மகளுக்கும் கரடிக் காது வைத்த குல்லா இரண்டு, குரோஷா ஊசியில் பின்னியிருந்தேன். கல்வராயன்மலைக் குளிருக்கு. நீலம், பாப்பா கேட்ட நிறம்.

இன்று கள்ளக்குறிச்சி பஸ்ஸில் பார்த்துக் கொடுத்தேன். அவள் மாட்டிக்கொண்டு உறுமினாள்.

இட ஒதுக்கீட்டு மறியலுக்குப் போனவர்கள் மஞ்சள் துண்டோடு பஸ் முழுக்க. குமார் சுற்றிப் பார்த்துவிட்டு அவள் தலையிலிருந்து அதைக் கழற்றினான்.

"நீலம் உங்காளுங்க கலருடா. எங்காளுங்க பாத்துக்கினு இருக்காங்க."

பாப்பா பெரிய குல்லாவை நீட்டினாள். "அப்போ நீ போட்டுக்கப்பா."

என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இரண்டையும் திரும்ப வாங்கி வந்துவிட்டேன், வேறு நூலில் பின்னப்போகிறேன். யாருக்கும் சொந்தமில்லாத நிறம் எதுன்னு சொல்லுங்க. மஞ்சள்னு மட்டும் சொல்லாதீங்க, அது... இருங்க, வூட்ல கூப்புடுறாங்க